தூக்குக்குண்டை எங்கே தொங்கவிடுவது?

மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிளின் பிரேம் விரிசல் கண்டுவிட்டாலோ, ஓட்டி ஓட்டி அது உடம்புக்கு ஒத்துவராது என்று தெளிந்துவிட்டாலோ, வேறு பிரேம் வாங்கப் புறப்படுகிற மனிதனுக்கு ஊரார் சொல்லும் புத்திமதி இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்: உன் உயரத்தைச் சொல்லி, அட்டவணையில் உனக்குரிய எழுத்தைப் பார்த்து வாங்கு, மிச்சக் குறையைச் சீட்டை ஏற்றி இறக்கியும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றியும் தீர்த்துக்கொள். கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், பத்து வருஷம் ஓட்டிப் பழகிய சிநேகிதரும் இதைத்தான் சொல்கிறார். சொல்கிறவர்களின் தொகை பெருகப் பெருக இது சாஸ்திரப் பிரமாணம் போன்ற கௌரவத்தையும் அடைந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், கரடுமுரடான சரிவில் உயிரையே ஒப்படைக்கிற ஒரு வஸ்துவுக்கு உயரப் பொருத்தம் ஒன்றோடு திருப்தியடைவது வேடிக்கைதான். இந்த அபிப்பிராயம் தவறு என்பது என் கட்சி. அதிலும் முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது வாக்கியம் அதிகத் தீங்கானது என்பது என் அனுபவம்.

அனுபவம் என்று சொன்னதால் அதை முதலிலேயே வைத்துவிடுகிறேன். 5 அடி 7 அங்குல உயரமுள்ள நான், அட்டவணைப்படி ‘எஸ்’ என்ற எழுத்துக்கும் ‘எம்’ என்ற எழுத்துக்கும் நடுவே விழுந்தவன். “நடுவுல விழுந்தா சின்னதை எடுங்க சார்; சின்ன வண்டிதான் வளைச்ச பக்கம் வளையும். சீட்டு எட்டலைன்னா நீளமா ஒரு போஸ்ட் போட்டுக்கலாம்” என்று கடையில் இருந்தவர் சொன்னார், அவர் பெயரோ கடையின் பெயரோ இங்கே வேண்டியதில்லை, வேறு எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் எனக்கு அதே வாக்கியம்தான் கிடைத்திருக்கும். 26 அங்குலச் சக்கரமும் அலுமினிய பிரேமும் கொண்ட அந்த வண்டியைக் கோத்தகிரிப் பக்கத்து மலைத்தடங்களில் நாலு வருஷம் ஓட்டினேன். சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு ஒரு விரற்கடை வெளியே தெரியும்படி இழுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஐந்தாம் வருஷ மழைக்காலத்தில், ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் ‘கிறீச் கிறீச்’ என்று ஒரு முனகல் கேட்கத் தொடங்கிற்று. பெடலைக் கழற்றினேன், கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டைப் பிரித்துக் கிரீஸ் வைத்தேன், ஒரு குற்றமும் அறியாத செயினை மாற்றினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேற்றைத் துடைக்கும்போது, சீட் டியூப்பும் மேல் டியூப்பும் சேருகிற பற்றவைப்புக்குப் பின்னால், பெயின்ட்டின் மேல் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டிக்கொண்டது. குட்டையான டியூப்புக்குள் போதிய ஆழம் இறங்காத போஸ்ட், ஒவ்வொரு குலுக்கலிலும் நெம்புகோலாக நின்று அந்த மூட்டைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறது. மிச்சக் குறையைப் போஸ்ட்டால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற உபதேசத்தின் பலனை நகத்தால் தொட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

இனி வாதத்துக்கு வருவோம். வெறும் உயரக் கணக்கோடு நில்லாமல் ஒரு படி மேலே போகிற கடைகளில், வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஆளை ஏற்றி உட்காரவைத்து, கிராங்கைக் கிடைமட்டமாகத் திருப்பி, முழங்கால் சில்லின் கீழேயிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார்கள்; நூல் பெடலின் அச்சுக்கு நேரே விழுந்தால் பொருத்தம் சித்தித்துவிட்டது என்று அர்த்தம். சாலை வண்டிக்காரர்களிடமிருந்து மலை வண்டிக்காரர்களுக்கு வந்து சேர்ந்த இந்தச் சடங்கை, கலிபோர்னியாவில் பிரேம் கட்டும் தொழில் செய்த கீத் பான்ட்ரேகர் ஒரு கட்டுரையில் வெறும் கற்பிதம் என்றே தலைப்பிட்டு மறுத்தார். ஏறக்குறைய படுத்தபடியே மிதிக்கிற ரிகம்பன்ட் வண்டிகளில் முழங்கால் பெடலுக்கு மேலே வருவதே கிடையாது. ஆயினும் அவற்றை ஓட்டுகிறவர்கள் செவ்வையாகவே மிதிக்கிறார்கள். ஆகவே அந்த நூல் காட்டும் செங்குத்துக்கும் கால் வேலை செய்யும் முறைக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதோடு நான் ஒன்று சேர்ப்பேன். 100 அடிக்கு 20 அடி உயருகிற பாதையில் வண்டி முழுவதும் 11 பாகை பின்னே சாய்ந்துவிடுகிறது. சமதரையில் 73 பாகையாக நின்ற சீட் டியூப் அங்கே 62 பாகையில் கிடக்கிறது. அங்கே அந்த நூலைத் தொங்கவிட்டால் பெடலைத் தேடிக்கொண்டுதான் அது போகவேண்டும். இறக்கத்திலோ ஆள் உட்காருவதே இல்லை. மலை வண்டிக்குச் சமதரையில் உட்காரவைத்து அளவெடுப்பது, நாட்டியமாடுகிறவரைப் படுக்கவைத்து உடுப்புக்கு அளவெடுப்பதை ஒக்கும்.

இந்தப் பிசகு எப்படி நுழைந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் மலை வண்டியின் பிறப்பே மாற்று பிரேம் தேடிய கதைதான். கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில், டமால்பைஸ் மலையைச் சுற்றிய தடங்களில், 1970களில் சில இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் எக்ஸெல்சியர் முதலிய பழைய கனத்த சைக்கிள்களை மேலே கொண்டுபோய்க் கீழே விட்டுக்கொண்டிருந்தார்கள். 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே, ஏறத்தாழ 2 மைலில் 1,300 அடி இறங்கும் ஒரு மண்சாலையில் முதல் பந்தயம் நடந்தது. பின்சக்கர ஹப்பினுள்ளே இருக்கும் பிரேக் ஓர் இறக்கத்திலேயே சூடேறி, கிரீஸ் புகையாகிப் போய்விடுமாகையால், ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்கவேண்டியிருந்தது. அதனால் அந்தச் சாலைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் விழுந்தது. (அங்கே கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியது சாதனை, ஜோ பிரீஸ் அவரைவிட இரண்டு விநாடி பின்தங்கியவர். இந்த இரண்டு விநாடியைப் பற்றி அவர்கள் பிற்காலத்தில் எவ்வளவு பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.) கிழட்டு ஷ்வின் பிரேம்கள் முறிந்தும் வளைந்தும் போகவே, ஜோ பிரீஸ் 1977இல் குரோமோலி எஃகுக் குழாய்களால் ஒரு பிரேம் கட்டினார்; மலைக்கென்றே கட்டிய பிரேம்களில் முதலாவது என்று இன்று எண்ணப்படுவது அதுதான். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. பிரீஸ் சாலைப் பந்தய வண்டி கட்டத் தெரிந்தவர், விரும்பியிருந்தால் அந்தச் செங்குத்தான கோணங்களையே இங்கும் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. இறக்கத்தில் நம்பிக்கையாக நின்ற பழைய ஷ்வின்னின் படுத்த கோணங்களையே எடுத்துக்கொண்டார். அதற்குப்பின் பத்து வருஷம் போனது, வண்டி வியாபாரமாயிற்று, 1980களின் கடைசியில் ஃபோர்க் நுழையும் தலைக்குழாய் 71 பாகை, சீட் டியூப் 73 பாகை என்பது எல்லோருக்கும் பொதுவான சூத்திரமாகிவிட்டது, சாலை வண்டியின் சாஸ்திரம் மலையேறி உட்கார்ந்துகொண்டது. பிரேமின் அளவைச் சீட் டியூப்பின் அங்குலத்தால் சொல்லும் வழக்கமும் அதே வழியில் வந்த சொத்துதான்.

நான் சொல்லும் அளவுமுறை சீட்டிலிருந்து தொடங்குவதில்லை. சீட் என்பது ஏறும், இறங்கும், முன்னே போகும், பின்னே வரும். ஓட்டத்திலேயே அதை இறக்கி ஏற்ற வேண்டும் என்று 1980களிலேயே ஹைட்-ரைட் என்னும் ஸ்பிரிங்கைச் செய்தவர்களில் ஒருவரும் ஜோ பிரீஸ்தான். இன்று கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்தினால் சீட் கீழே இறங்கிவிடுகிற டிராப்பர் போஸ்ட் இல்லாத நல்ல மலை வண்டி அபூர்வம். ஓடுகிற ஒரு பொருளை ஆதாரமாக வைத்து நிற்கிற ஒரு பொருளை அளக்கலாமா? மலையில் ஆள் நிற்பது பெடல்களின் மேல், பிடிப்பது ஹேண்டில்பாரை. எனவே பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து தலைக்குழாயின் மேல்விளிம்பு மையம் எவ்வளவு முன்னே இருக்கிறது, எவ்வளவு மேலே இருக்கிறது என்ற இரண்டு தூரங்களே பிரேமின் மெய்யான அளவு. முன்னதை ரீச் என்றும் பின்னதை ஸ்டாக் என்றும் தொழிலில் சொல்கிறார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் லீ மெக்கார்மக் போன்றவர்கள், பாட்டம் பிராக்கெட்டிலிருந்து இரு கைப்பிடிகளையும் இணைக்கும் கோடுவரையுள்ள தூரத்தையே முதலில் பார் என்கிறார்கள். அதுவும் இதே நியாயத்தின் கிளைதான்.

“மேல் டியூப்பின் நீளம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு, இவர்கள் அட்டவணைக்காரர்களைவிட விவரம் தெரிந்தவர்கள் என்பதால் மரியாதையோடு பதில் சொல்லவேண்டும். ஸ்டாக் 620 மில்லிமீட்டராக உள்ள இரண்டு பிரேம்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மேல் டியூப்பின் கிடைமட்ட நீளம் 610. ஒன்றின் சீட் டியூப் 73 பாகையில் சாய்ந்திருக்கிறது. மற்றொன்றின் சீட் டியூப் 77 பாகையில் நிமிர்ந்திருக்கிறது. முதலாவதில் அந்த 610இல் 190 மில்லிமீட்டர் பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னால் போய்விடுவதால் ரீச் 420. இரண்டாவதில் 143தான் பின்னால் போவதால் ரீச் 467. உட்கார்ந்தால் இரண்டும் ஒரே வண்டி. எழுந்து நின்றால் இடையே 47 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய இரண்டு சைஸ். அட்டவணையின் எழுத்துக்களை நம்புவதும் இப்படிப்பட்டதே: 15 வருஷத்துக்கு முன் ‘எல்’ என்று விற்ற பிரேமின் ரீச் இன்று பல கம்பெனிகளில் ‘எஸ்’ என்ற எழுத்தின் கீழே இருக்கிறது. மனிதர்கள் வளரவில்லை, எழுத்துத்தான் இடம் மாறியிருக்கிறது. அன்றியும் என் உயரமே உள்ள என் தம்பிக்குக் கால் நீளம், எனக்கு முதுகு நீளம். ஒருவன் கால்சட்டை இன்னொருவனுக்குச் சேராதிருக்க, ஒரே எழுத்து இருவருக்கும் எப்படிச் சேரும்?

என் விரிசல் விட்ட பிரேமின் ரீச்சை எந்த அட்டவணையும் சொல்லாததால், பக்கத்து வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி வந்தேன். “சைக்கிளென்ன செவரா சார், தூக்குப் பாக்க?” என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். வண்டியை நேராக நிறுத்தி, பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து நூலை விட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி, தலைக்குழாயின் மேல்மையத்திலிருந்து விட்டு ஒரு புள்ளி, கைப்பிடியிலிருந்து ஒன்று, முன்சக்கர அச்சிலிருந்து ஒன்று. குண்டு ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும் என்பதைத் தவிர இதில் வித்தை ஒன்றுமில்லை. முதல் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே 402 மில்லிமீட்டர். கடையில் முழங்காலில் தொங்கவேண்டியதாகச் சொன்ன அதே குண்டு, தலைக்குழாயில் தொங்கியபோதுதான் எனக்கு உபயோகமான ஒரு செய்தியைச் சொல்லிற்று.

இப்போது அந்த இரண்டாவது வாக்கியம், ஸ்டெம்மால் சரிசெய்துகொள் என்பது. இதைச் சொல்பவர்கள் உடம்புப் பொருத்தம் ஒரு இலாகா, வண்டியின் நடை வேறொரு இலாகா என்று மனத்துக்குள் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்னதை ஸ்டெம்மும் சீட்டும் கவனித்துக்கொள்ளும், பின்னதை ஃபோர்க்கும் டயரும் கவனித்துக்கொள்ளும் என்பது அவர்கள் சித்தாந்தம். குட்டையான பிரேமில் 100 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டால் கைகள் வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் சக்கரம் அவற்றோடு போவதில்லை. பிரேம் எங்கே வைத்ததோ அங்கேயே நிற்கிறது. உடம்பின் பாரம் முன்னே போய், சக்கரம் பின்தங்கிவிட்டால், சரிவில் ஒரு கல்லில் முன்சக்கரம் முட்டித் தயங்கும் கணத்தில் மனிதன் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பதற்கு வேண்டிய எல்லா ஏற்பாடும் பூர்த்தியாகிவிடுகிறது. கைகள் திருப்பும் வட்டமும் பெரிதாகி, வண்டி சோம்பலாகத் திரும்புகிறது. 1990களில் 130, 140 மில்லிமீட்டர் ஸ்டெம்மும், 560 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒடுங்கிய ஹேண்டில்பாரும் வைத்துக்கொண்டே பந்தயங்களில் ஜயித்தார்களே என்று ஒரு ஆட்சேபம் எழும். ஜயித்தார்கள், எல்லோரும் அதே வண்டியில் ஓட்டும்போது யாராவது ஒருவர் ஜயித்துத்தானே ஆகவேண்டும். அந்தத் தலைமுறையின் பிதாமகரான கேரி ஃபிஷரின் பெயர் தாங்கிய வண்டிகளிலேயே 1990களின் பிற்பகுதியில் மேல் டியூப்பை நீட்டி ஸ்டெம்மைக் குறைத்தார்கள். 2010களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு மோண்ட்ரேகர் கம்பெனி பிரேமை இன்னும் நீட்டி, 10 மில்லிமீட்டர் ஸ்டெம் வரையில் போய்ப் பார்த்தது. அந்தக் கடைசி எல்லை நிலைக்கவில்லை, திசை நிலைத்தது. பத்து மில்லிமீட்டர் அளவில் ஸ்டெம்மை மாற்றிப் பார்ப்பதை நான் குறைசொல்லவில்லை. சட்டைக்குப் பித்தானை நகர்த்தித் தைப்பது போன்றது அது. துணி போதாத இடத்தில் பித்தானை நகர்த்தித் தோள் பொருந்த வைப்பதாகச் சொல்லும் தையற்காரரிடம்தான் எனக்கு வழக்கு.

ஸ்டெம்முக்குக் கீழே வளையங்களை அடுக்கிக் கையை உயர்த்திக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் இதே கதிதான்: தலைக்குழாய் பின்னே சாய்ந்திருப்பதால், 30 மில்லிமீட்டர் வளையம் ஏற்றினால் கை ஏறும்போதே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் பின்னாலும் வந்துவிடுகிறது. வளையம் ரீச்சைத் தின்றே ஸ்டாக்கைக் கொடுக்கிறது.

நீளமான ஃபோர்க் மாட்டினால் பழைய பிரேமே புதிய நடை நடக்கும் என்று நம்புவோர் இன்னொரு கூட்டம். 20 மில்லிமீட்டர் நீண்ட ஃபோர்க் தலைக்குழாயை ஏறக்குறைய ஒரு பாகை படுக்கவைக்கிறது. அது அவர்கள் விரும்புவது. அதே வேளையில் சீட் டியூப்பும் ஒரு பாகை பின்னே சாய்கிறது, பாட்டம் பிராக்கெட் 7 மில்லிமீட்டர் எழும்புகிறது, ரீச் 10 மில்லிமீட்டர் குறுகுகிறது. அவர்கள் விரும்பாத இம்மூன்றும் அழைக்காமலே கூடவருகின்றன. ஏற்கெனவே குட்டையாயிருந்த வண்டி இன்னும் குட்டையாகி, உயரத்தில் ஏறி நிற்கிறது. தலைக்குழாய்ப் பற்றவைப்பின்மேல் விழும் கூடுதல் நெம்புதலைப் பற்றி, விரிசலைத் தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில் நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால், நீளமே மோட்சம், படுத்த கோணமே பரம்பொருள் என்று இப்போது பெருகிவருகிற புதுமதத்தில் நான் சேர்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். தலைக்குழாய் படுக்கப் படுக்க, திருப்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவேயுள்ள தூரம் கூடுகிறது. டிரெயில் என்கிற இத்தூரம் கூடினால், வேகத்தில் சக்கரம் தானே நேராக ஓடும் குணம் பெறுகிறது. அதே குணம், நடைவேகத்தில் கொண்டையூசி வளைவு ஏறும்போது, முன்சக்கரத்தை ஒருபக்கமாய்ச் சாய்த்து விழவைக்கும் அவகுணமாக மாறுகிறது. குட்டையான ஆள் தன் கைக்கு மீறிய நீளமுள்ள பிரேமை வாங்கினால், முன்சக்கரத்தின்மேல் பாரத்தை வைக்க எட்டாமல், வளைவில் அது வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். இன்னும் ஒரு சூட்சுமம்: பல கம்பெனிகள் சின்ன சைஸுக்கும் பெரிய சைஸுக்கும், பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுவரை போகும் செயின்ஸ்டேயின் நீளத்தை மாற்றாமல் ஒன்றாகவே வைத்துவிடுவதால், நெட்டையானவரின் வண்டியில் முன்பாதி மட்டும் வளர்ந்து, அவர் பின்சக்கரத்தின்மேலேயே குந்தியிருக்கும்படி ஆகிறது. அண்மைக் காலத்தில் சிலர் சைஸுக்குத் தக்கபடி அதையும் மாற்றிச் செய்கிறார்கள். பழைய அட்டவணைக்காரர் ‘சின்னதை எடு’ என்றார். புதியவர் ‘பெரிதை எடு’ என்கிறார். அளந்து பார் என்று இருவருமே சொல்லவில்லை.

கையில் இருக்கும் உதிரி பாகங்கள் பொருந்துகிற பிரேமையே எடு என்ற சிக்கனவாதத்துக்கு நான் பாதி இணங்குகிறேன். பின் ஹப்பின் அகலம் 135, 142, 148 என்று மூன்று விதமாய் மாறியிருக்கிறது. சீட் போஸ்ட்டின் விட்டம் 27.2, 30.9, 31.6 என்று போகிறது. நேர்க்குழாய் ஃபோர்க்கைக் கீழே அகன்ற தலைக்குழாயில் தகுந்த ஹெட்செட் கொண்டு மாட்டலாம், கீழே அகன்ற ஃபோர்க்கைப் பழைய நேரான தலைக்குழாயில் மாட்ட முடியாது. பணம் இதில் கரையும் என்பது நிஜம். ஆனால் செயினும் டயரும் பேரிங்கும் இரண்டு வருஷத்தில் தாமே தேய்ந்து விடைபெறுகிறவை. அவற்றுக்குச் சேரவேண்டும் என்பதற்காகப் பத்து வருஷம் இருக்கப்போகிற பிரேமைத் தவறாக எடுப்பது, பழைய கதவு வீணாகிறதே என்று அதற்கேற்ற அளவில் வீடு கட்டுவதுதான். நானே ஒரு 27.2 போஸ்ட்டின்மேல் வைத்த பாசத்தால் ஒரு நல்ல பிரேமைத் தட்டிக்கழித்தவன். அந்தப் போஸ்ட் இப்போது அவரைப் பந்தலுக்குக் கம்பாக நிற்கிறது.

முடிவில் நான் எடுத்தது ரீச் 452, ஸ்டாக் 620, தலைக்குழாய் 66 பாகை உள்ள ஒரு பிரேம். 29 அங்குலச் சக்கரம். ஸ்டெம் 45 மில்லிமீட்டர். பழையதில் 82 மில்லிமீட்டராக இருந்த டிரெயில் இதில் 116 ஆயிற்று. வண்டி பூட்டி முடிந்த அன்று மாலை, கொத்தனாரிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த குண்டை மறுபடியும் எடுத்து, பாட்டம் பிராக்கெட்டைத் தரையில் அழியாமல் கிடந்த பழைய சாக்பீஸ் புள்ளிக்கு நேரே நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். கைப்பிடியிலிருந்து இறங்கிய நூல் பழைய புள்ளியைவிட்டு அரை விரற்கடைகூட நகரவில்லை. ஊரார் அளக்கிற முறையில் அளந்தால் இரண்டும் ஒரே வண்டிதான். முன்சக்கர அச்சிலிருந்து விட்ட நூல் ஆடி அடங்கிய இடத்தில் புதுப் புள்ளி வைத்துவிட்டு, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே என் வலக்கையை விரித்து வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் உட்பட ஐந்து விரலும் அகலவாட்டில் அங்கே தாராளமாகக் கொண்டன.